ஏழாம் அறையின் கதவு

ஊதுவத்தியைப் பற்றவைத்துச் சுடரை ஊதி அணைத்ததும், புகை முதலில் நேராகத்தான் எழும்பும். ஒரு சாண் உயரம் போனதும் சற்று நிற்கும். பிறகு காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மெல்லச் சாயும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. பள்ளிக்கூடத்திலேயே இந்தக் கோளாறுக்காக எத்தனையோ முறை எழுந்து நின்றிருக்கிறேன்.

அன்று நாலாம் மாடி நடைக்கூடத்தில் தரையோடு தரையாகக் குந்தியிருந்தேன். தலையில் மஞ்சள் ஹெல்மெட். என் தலைக்குப் பெரிது. குனியும்போதெல்லாம் மூக்கு வரை இறங்கும். எதிரே புதுக் கதவு, பெயின்ட் இன்னும் காயவில்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செங்கல். கையில் மல்லிகை வாசனை ஊதுவத்தி. கடையில் அது ஒன்றுதான் இருந்தது.

"உள்ளயா, வெளியவா?" என்றாள் சித்ரா. அவளும் என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்தவள். அட்டையில் செருகிய தாளோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"உள்ள."

"நல்லாப் பாத்துச் சொல்லு கௌசி. தூங்கிட்டியா?"

"தூங்கல. உள்ளதான் போவுது. எழுதிக்க."

அது ஏழாம் அறை.

சில வாரங்களுக்கு முன்பு, அப்பா காசநோயில் படுத்ததைப் பற்றி எழுதியபோது, 'அந்த அறையை எனக்கு முன்பே தெரியும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போய்விட்டேன். எப்படித் தெரியும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இப்படித்தான் தெரியும். அடுத்த வருஷம் அப்பா படுக்கப்போகிற அறை என்று தெரியாமல், அதன் வாசலில் புகையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சித்ராவிடம் நான் எழுதிக்கொள்ளச் சொன்ன அந்த 'உள்ள' தப்பு.

ஏசி ரிப்பேரா பாப்பா?

நான் சேர்ந்த படிப்பின் பெயரை எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. மூன்று வருஷப் பட்டம். ஆனால் வாரத்தில் நாலு நாள் கட்டடத்தில் வேலை, இரண்டு நாள்தான் வகுப்பு. ஒரு பெரிய கட்டடத்துக்குள் காற்றும் தண்ணீரும் குளிரும் சூடும் எந்த வழியில் போக வேண்டுமோ அந்த வழியில் போக வைக்கிற இயந்திர வேலை. கற்றுக்கொள்ளும்போதே கையில் கொஞ்சம் பணமும் தருவார்கள்.

"அப்ப ஏசி ரிப்பேருக்குப் போறியா பாப்பா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார்.

"ரிப்பேரு இல்லீங்க அத்தே. புதுசா போடறது."

"என்னாவோ ஒண்ணு. எங்க வூட்டு ஃபேனு கரகரன்னு கத்துது. வந்து பாத்துட்டுப் போ."

போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ லூசாகி இருந்தது. முடுக்கிவிட்டு வந்தேன். அதிலிருந்து தெருவில் என் மரியாதை கொஞ்சம் ஏறிவிட்டது. இன்றைக்கும் எங்கள் ஊரான இண்டூர் பக்கம் போனால் இரண்டு மிக்சியாவது காத்துக்கொண்டிருக்கும்.

ஏறாதது அப்பாவிடம்தான். அப்பா கிரஷரில் வேலை செய்தார். மலையை உடைத்து ஜல்லியாக்குகிற இடம். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூட வெள்ளைத் தூசி இருக்கும். எனக்குத் தருமபுரியில் பி.காம். இடம் கிடைத்திருந்தது. அவருக்கு அதில்தான் ஆசை.

"வெயில்லயும் தூசிலயும் நான் நிக்கறது போதும். நீ ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து வேல செய்யணும்."

"நான் அந்த ஃபேன ஓட வைக்கிற வேலைதாம்பா செய்யப் போறன்."

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றில் கை வைத்தபடியே தீர்ப்பைச் சொன்னார்.

"ஒரு மாசம் பாக்கறன். அந்த மேடம் உன்னப் பத்தி ஒரு வார்த்த கொறையா எழுதினாங்கன்னா, மறுபேச்சு பேசாம காலேஜுல சேந்துரணும்."

எங்களுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பேடு உண்டு. மாதா மாதம் சைட் இன்ஜினியர் மேடம் அதில் எங்களைப் பற்றி எழுதுவார். வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் மாதக் குறிப்பைப் பார்த்துத்தான் ஒப்பந்தம் போடுவார்கள். கல்லூரியில் சேரக் கடைசித் தேதியும் அதே மாதக் கடைசியில் வந்தது. அப்பா எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். பிடிவாதத்துக்காக இல்லை. சேர்ந்த முதல் நாளே எனக்கு அந்தக் கட்டடத்தின்மேல் ஒரு கிறக்கம் வந்துவிட்டது.

காற்றுக்குள் நடப்பது

தருமபுரிக்கு வெளியே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, அந்த மருத்துவமனையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேர் வேண்டாம். நாலு மாடி. நான் போனபோது சுவர் எல்லாம் முடிந்து, கூரைக்குக் கீழே தகரக் காற்றுக்குழாய்கள் ஓட ஆரம்பித்திருந்தன. ஒரு ஆள் தவழ்ந்து போகலாம், அத்தனை பெரிசு. இன்னும் மாட்டாத ஒரு துண்டு தரையில் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் பார்க்காதபோது அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். வெளியே ஆள் பேசுவது எங்கேயோ கிணற்றுக்குள் பேசுவதுபோலக் கேட்கும். ஒரு நாள் அங்கேயே தூங்கிப்போய், சித்ரா தகரத்தைத் தட்டி எழுப்பினாள்.

சித்ரா சித்தேரி மலைக்காரி. மலைக்குப் பஸ் எப்போதாவதுதான் என்பதால், தருமபுரியில் சித்தி வீட்டில் தங்கி வந்துகொண்டிருந்தாள். குறைவாகப் பேசுவாள். பேசினால் குத்தும். ஏணியில் அவள் ஏறுகிற வேகத்தைப் பார்த்து மேஸ்திரிகள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எழுதக் கூச்சம்தான், ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். எனக்கும் விழுந்தது. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். சைட்டில் தூசிக்காக எல்லோரும் மாஸ்க் போட வேண்டும் என்று சொன்ன அன்று, அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சிரித்தேன். இதுக்கு எதுக்குடி இத்தன சிரிப்பு என்று சித்ரா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதனால் தண்ணீர் என்றால் எங்களுக்குச் சந்தேகம். எங்கிருந்து வருகிறது, காய்ச்சினதா, கேன் தண்ணீரா என்று ஆயிரம் கேள்வி கேட்போம். காற்றை மட்டும் யாரும் கேள்வி கேட்டதில்லை. கதவைத் திறந்தால் வரும். அவ்வளவுதான் அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு முன்கதவும் பின்கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அப்பா கிரஷரிலிருந்து வந்து குளித்துவிட்டு, இரண்டு கதவுக்கும் நடுவே சிமென்ட் தரையில் துண்டை விரித்துப் படுப்பார். காற்று அவர் மேலே புரண்டு போகும். நாங்கள் அவரைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே, "இந்தக் காத்து ஒண்ணு போதும்" என்பார். நடுவில் இருமுவார். கல்லுத்தூசி என்பார். நாங்களும் கல்லுத்தூசி என்றே நம்பினோம்.

பகலில் கதவைச் சாத்துகிற பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. சாத்தியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை, இல்லாவிட்டால் ஏதோ நடக்கக்கூடாதது நடந்திருக்கிறது. "என்னா, கதவ சாத்திக்கினு?" என்று பத்துப் பேர் வந்துவிடுவார்கள். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு வாசலிலும் ஒரு செங்கல் இருக்கும். திறந்திருக்கும் கதவு எங்கள் கண்ணுக்கே தெரியாது.

பன்னிரண்டு அம்புகள்

நாலாம் மாடியில் பன்னிரண்டு தனி அறைகள். மூச்சுக்காற்றில் தொற்றுகிற நோய் உள்ளவர்களுக்கானவை. நடைக்கூடத்துக் காற்று அறைக்குள்தான் போக வேண்டும். உள்ளே இருக்கிற காற்று நடைக்கூடத்துக்கு வரவே கூடாது. மொட்டைமாடியில் ஒரு பெரிய விசிறி அதை மேலே உறிஞ்சி, வடிகட்டி, வெளியே விடும். அது சரியாக உறிஞ்சுகிறதா என்று ஊதுவத்திப் புகை வைத்துப் பார்ப்பதுதான் எங்களுக்கு முதன்முதலாகத் தனியாகக் கொடுத்த வேலை.

கொடுத்தவர் கிருபா மேடம். சைட் இன்ஜினியர், ஓசூர்க்காரர். எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும். எப்போதும் இரண்டு போனில் பேசிக்கொண்டிருப்பார், ஒன்றில் தமிழ், இன்னொன்றில் கன்னடம். அன்றும் அப்படித்தான்.

"கதவ சாத்திட்டு, கீழ இருக்கற சந்துல பொகையப் புடிங்க. உள்ள போனா உள்பக்கமா அம்பு போடுங்க. வெளிய வந்தா ஒடனே எங்கிட்ட சொல்லணும். நாளைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வந்து பாக்கறாங்க."

இரண்டு பேரும் தலையாட்டினோம். கதவைச் சாத்தச் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. மறுக்கவில்லை.

மேலே போனோம். பெயின்ட்காரர்கள் பதினோரு கதவுக்கும் செங்கல் வைத்துத் திறந்து போட்டிருந்தார்கள். நெடி போவதற்காக நடைக்கூடத்துக் கோடி ஜன்னலும் திறந்திருந்தது. ஆடி மாதம். வெளியே மரங்கள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. நடைக்கூடம் முழுக்கக் காற்று.

ஏழாம் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அதை நான் திறந்தேன். படிக்கட்டுக்குப் போய் ஒரு செங்கல் எடுத்து வந்து அடியில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. வீட்டில் வைப்பேன், அதுபோல வைத்தேன்.

பிறகு அந்தப் புகை. ஒவ்வொரு வாசலிலும் அது எழும்பி, நின்று, அழகாக அறைக்குள் திரும்பிப் போனது. ஜன்னல் காற்று தள்ளித்தான் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. புகைக்குள் என்னென்னவோ தெரிந்தது. மலைமேல் போகிற பஸ் ரோடு தெரிந்தது. சித்ராவிடம் சொன்னேன். அவளும் குனிந்து பார்த்துவிட்டு, எங்க ஊரு வளைவு மாதிரியேதான் இருக்குது என்றாள்.

பன்னிரண்டு அம்புகள். எல்லாம் உள்பக்கம். கீழே என் கையெழுத்து, சித்ராவின் கையெழுத்து. ஒரு வேலைத்தாளில் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். கிருபா மேடம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மேலே வந்து பார்க்காமலேயே அவருடையதையும் போட்டார்.

விளக்கு வைக்கும் நேரம்

விளக்கு வைக்கும்போது முன்கதவு திறந்திருக்க வேண்டும், பின்கதவைச் சாத்திவிட வேண்டும். முன்னால் வருகிற லட்சுமி பின்னால் போய்விடக் கூடாது என்பது அம்மாவின் கணக்கு. அன்று மாலை அம்மா பின்கதவைச் சாத்த மறந்து ஊதுவத்தியை ஏற்றிவிட்டார். புகை படுக்கைவாட்டில், தரையில் படுத்திருந்த அப்பாவைத் தாண்டி, நேராகப் பின்வாசலுக்கு ஓடியது.

"கௌசி, பின்கதவ சாத்து."

சாத்தினேன். தாழ்ப்பாளில் கை இருக்கும்போதே திரும்பிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த புகை அப்படியே நின்றுவிட்டது. பிறகு தயங்கித் தயங்கி வந்த வழியே முன்வாசலுக்குத் திரும்பியது.

ஒரு கதவைச் சாத்தியதற்கே புகை திசை மாறிவிட்டது. பன்னிரண்டு கதவும் திறந்திருக்க நான் அம்பு போட்டிருந்தேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று சித்ராவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஒருவேள எல்லாம் சரியாவே இருந்துட்டா?" என்றாள் கடைசியில்.

"இருக்கலாம்."

"அப்பறம் எதுக்குச் சொல்லணும்? நாளைக்கு அவங்க பாத்துட்டுப் போயிருவாங்க. விடு."

"சரியா இல்லாட்டி? அந்த நோய் வெளிய வந்து நடமாடும் சித்ரா."

பின்னால் அவள் சித்தி வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நம்மள அனுப்பிட்டாங்கன்னா நான் மலைக்கே போயிருவன். நீயாவது பி.காம் படிப்ப," என்றாள். "எனக்கு பயமா இருக்குது. நீயே என்னா செய்யணுமோ செய்." போனை வைத்துவிட்டாள்.

எனக்கும் பயம்தான். உள்ளே போனபோது அப்பா தலையை மட்டும் தூக்கி, "யாருகிட்ட இத்தன நேரம்? என்னா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. வேல விஷயம்."

அப்பா இருமிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

செங்கற்களை எடுத்தோம்

காலையில் முதல் பஸ். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். வெளியே வயல்களில் இருட்டு இன்னும் கலையவில்லை. இந்தப் பஸ் இப்படியே போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும், எங்கும் நிற்கவே வேண்டாம் என்று நினைத்தேன். அது நின்றது.

மருத்துவமனைப் படிக்கட்டில் சித்ரா உட்கார்ந்திருந்தாள்.

"நீ வரமாட்டன்னு நெனச்சன்," என்றேன்.

"நானும்தான் நெனச்சன்."

எட்டு மணிக்குக் கிருபா மேடம் ஸ்கூட்டியில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

"கதவ சாத்திப் பாக்கச் சொன்னனா, இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"அப்பறம்?"

"தெறந்திருந்தது கண்ணுக்குத் தெரியல மேடம்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தத் தாளில் அவர் கையெழுத்தும் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு போனையும் அணைத்து ஸ்கூட்டி டிக்கியில் போட்டுப் பூட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பன்னிரண்டு செங்கலையும் எடுத்து நடைக்கூடத்துச் சுவரோரம் அடுக்கினோம். ஜன்னலைச் சாத்தினோம். காற்று நின்றதும், மேலே எங்கோ விசிறி சுற்றுகிற சத்தம் முதல்முறையாகக் கேட்டது. அது நேற்றும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒன்றாம் அறை, உள்ளே. இரண்டு, உள்ளே. மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எல்லாம் உள்ளே. சித்ரா என் தோளை இடித்து, பாத்தியா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

ஏழாம் கதவின் சந்தில் ஊதுவத்தியைப் பிடித்தேன். புகை எழும்பியது, நின்றது. பிறகு கதவை விட்டு விலகி, மெதுவாக என் முகத்துக்கே வந்தது. மாஸ்க்குக்குள் மல்லிகை மணத்தது.

கிருபா மேடம் ஊதுவத்தியை வாங்கித் தானே ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

மீதி ஐந்தும் சரியாகவே இருந்தன. "ஒண்ணே ஒண்ணு," என்றார் கிருபா மேடம். "பன்னண்டும் தப்பா இருந்திருந்தா எவனாவது கண்டுபுடிச்சிருப்பான். இது அப்படியே போயிருக்கும்."

சித்ரா ஏணி போட்டுக் கூரைப் பலகையை நகர்த்தி, இடுப்பு வரை உள்ளே போனாள். குழாய்க்குள் காற்றைத் திறந்து மூடுகிற தகடு ஒன்று உண்டு. ஏழாம் அறைக்கு அது மூடியபடியே இருந்தது. யாரோ மாட்டியவர் திருப்ப மறந்திருக்கிறார்.

"திருப்பறன்," என்று மேலிருந்து அவள் குரல் கேட்டது.

என் முகத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்த புகை தயங்கியது. அப்புறம், யாரோ கூப்பிட்டதுபோல, திரும்பிக் கதவுக்கு அடியில் நுழைந்து போனது. எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னமும் அந்தத் திருப்பத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் கூடுதலாகக் குந்தியிருப்பேன்.

பத்து மணிக்கு வந்தவர்களுக்குப் புதுத் தாளைக் கொடுத்தோம். அவர்கள் போன பிறகு, மாதக் குறிப்பை அன்றே எழுத மேடம் என் குறிப்பேட்டை வாங்கினார்.

"மேடம், அத எழுதித்தான் ஆவணுமா? எங்கப்பா..."

"ஆவணும். என் டைரியில என்னப் பத்தியும் எழுதிக்கிட்டன்."

எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து

அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. குறிப்பு இங்கிலீஷில் இருந்தது. இரண்டே வரி. நான் என்ன படித்துக் காட்டினாலும் அவர் நம்பியிருப்பார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, கவனமானவள் என்று மூன்று வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

அப்பா வழக்கம்போல இரண்டு கதவுக்கு நடுவே படுத்திருந்தார். "என்னா எழுதியிருக்காங்க? படி," என்றார்.

படித்தேன். "வேலையில் கவனக்குறைவு. தவற்றைத் தானாகவே வந்து சொன்னாள்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன தவறு என்று அப்பா கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். செங்கல் வைத்ததைச் சொன்னபோது வாசலில் இருந்த எங்கள் செங்கலைப் பார்த்தார்.

"நீயே போய்ச் சொன்னியா? யாரும் கண்டுபுடிக்கலியா?"

"ம்."

"கிரஷருல நாங்க யாரும் சொல்ல மாட்டோம். சொன்னா மறுநாள் வேல இருக்காது." சிறிது நேரம் கழித்து, "அந்த ரூமுல யாரு படுப்பாங்க?" என்றார்.

"இருமல் நோய்க்காரங்கப்பா. மத்தவங்களுக்கு ஒட்டக்கூடாது இல்ல, அதுக்காக."

"கதவு சாத்தியேதான் இருக்குமா?"

"சாத்தியேதான் இருக்கும்."

"பாவம்," என்றார் அப்பா.

பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, கோடு தாண்டாமல் எழுதினார். கல்லூரியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசியதே இல்லை.

மல்லிகை

அடுத்த வருஷம் அவரை அந்த அறையில் சேர்த்த கதையை ஏற்கெனவே எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது இது மட்டும்தான்.

நான் அப்போது பொம்மிடிப் பக்கம் வேறொரு கட்டடத்தில் இருந்தேன். வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

"உங்கப்பா கதவ சாத்தவே வுட மாட்டேங்கறாரும்மா. மொதல்ல செருப்ப வச்சாரு. அத எடுத்தா டிபன்பாக்ஸ் மூடிய வச்சாரு. இன்னிக்குக் கூட்டற அம்மாகிட்ட ஒரு செங்கல் கொண்டாந்து தாங்கன்னு கேட்டிருக்காரு. நீ கொஞ்சம் வந்து சொல்லு."

சாயங்காலம் போனேன். வழியில் அதே கடையில் ஊதுவத்தி வாங்கினேன். அதே வாசனைதான் இருந்தது. நர்ஸிடம் கெஞ்சி ஐந்து நிமிஷம் அனுமதி வாங்கினேன்.

ஏழாம் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கீழே அப்பாவின் ரப்பர் செருப்பு. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. பாதியாக இளைத்துப்போயிருந்தார். போனில் பேசினோம்.

"உள்ள தள்ளிச் சாத்திட்டாங்க பாப்பா. செத்தவன் வூடு மாதிரி இருக்குது. காத்தே இல்ல."

"காத்து இருக்குதுப்பா. கதவ சாத்துனாத்தான் உங்களுக்கு வரும்."

"சாத்துனா எங்கருந்து வரும்? என்னா படிச்ச நீ?"

"செருப்ப எடுங்க. காட்டறன்."

ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து செருப்பை எடுத்தார். கதவு தானாக வந்து மூடிக்கொண்டது. அந்த 'க்ளிக்' சத்தத்தில் அவர் தோள் ஒடுங்கியது கண்ணாடியில் தெரிந்தது.

நான் தரையில் குந்தினேன். என் பின்னால் நர்ஸ், இரண்டு கதவு தள்ளிப் பெஞ்சில் அம்மா. அப்பாவின் மூச்சு எங்கள் யார்மேலும் வராது என்று எனக்குத் தெரியும். தவற்றைச் சொன்ன பிறகு புதுத் தாளில் போட்ட ஏழாம் அம்பு அதற்குச் சாட்சி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊதுவத்தியைச் சந்தில் பிடித்தேன்.

புகை எழும்பியது. நின்றது. திரும்பி, கதவுக்கு அடியில் நுழைந்தது.

"பாருங்கப்பா, கீழ. உங்ககிட்டதான் வருது."

போனில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"பாப்பா," என்றார்.

"சொல்லுங்கப்பா."

"மல்லிப்பூ வாசன வருது."

அப்புறம் போனை எங்கோ கீழே வைத்தார். ஒரு துண்டை உதறும் சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் இருந்த வெளிச்சம் பாதி மறைந்தது. அந்தச் சந்தில் துண்டின் ஓரம் வந்து படிந்தது.

"தரையில படுக்கறாரா?" என்றார் நர்ஸ். "படுக்கக் கூடாதுன்னு சொல்லும்மா."

"சொல்றன் சிஸ்டர்," என்றேன். ஊதுவத்தி இன்னும் பாதி இருந்தது. அது தீரட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன்.